ஸ்கோர்ல தோத்தா என்ன... ரேங்க்ல ஜெயிப்போம்ல!



உங்க டீம் 40 பாயின்ட் வித்தியாசத்துல தோத்துக்கிட்டு இருக்கு. எதிர் கேலரியில ஒரே ஆட்டம், ட்ரம் சத்தம். நீங்க என்ன பண்ணுவீங்க? தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு கிளம்பலாம். இல்லைன்னா, பாக்கெட்ல இருந்து கார் சாவியை எடுத்து எதிர் கேலரியைப் பார்த்து கிலுகிலுன்னு ஆட்டலாம். 'இன்னிக்கு நீ ஜெயிச்சுட்டே ராசா... நாளைக்கு எங்க காரை பார்க் பண்ற வேலைக்குத்தான் நீ வரணும்'னு அதுக்கு அர்த்தம்!

இது அமெரிக்க காலேஜ் ஸ்டேடியங்களில் ரொம்ப காலமாக நடக்கிற லந்து. விளையாட்டில் அடி வாங்கும்போது படிப்பைத் தூக்கிக் காட்டுவது. 'எங்க காலேஜ் ரேங்க் என்ன, உங்க காலேஜ் ரேங்க் என்ன?' என்று ஆரம்பிக்கிற இந்தச் சண்டை மைதானத்தில் தொடங்கி டீக்கடை, ஆபீஸ், கல்யாண வீடு வரைக்கும் அங்கே ஓடும். படிச்சு முடிச்சு முப்பது வருஷம் ஆன தாத்தாக்கள்கூட விட மாட்டார்கள்.

'அது அவங்க ஊர் சண்டை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பர்டியூ, இல்லினாய்ஸ், மிச்சிகன், டெக்சாஸ் ஏ அண்ட் எம்... எம்.எஸ். கனவோடு ஜி.ஆர்.இ. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிற நம்ம பார்ட்டிகளுக்கு இந்தப் பேரெல்லாம் ரேங்க் லிஸ்ட்டில் பார்த்த பேர். அந்த ஊர்க்காரர்களுக்கோ சனிக்கிழமை மேட்ச்சில் கத்துகிற பேர். ஒரே காலேஜுக்கு இரண்டு மரியாதை. இந்த இரண்டும் முட்டிக்கொள்கிற கதைதான் இந்த வாரம்.

(சின்ன நோட்: இங்கே ஃபுட்பால் என்றால் நம்ம உதைபந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால்.)

அறிவாளிகள் மாட்டிய கதை

இந்த லந்தில் சீனியர்கள் ஹார்வர்டும் யேலும். 1875-லிருந்து மோதிக்கொள்கிறார்கள். ரெண்டுமே உலகப் புகழ் காலேஜ். இவர்களுக்குள் படிப்பை வைத்து என்ன கலாய்க்க முடியும்? முடியும்! 'சேஃப்டி ஸ்கூல்!' என்று கத்துவார்கள். ஆசைப்பட்ட காலேஜ் கிடைக்காமல் போனால் இருக்கட்டுமே என்று ஒரு அப்ளிகேஷன் போட்டு வைப்போமே, அந்த ஸ்பேர் காலேஜுக்குப் பேர்தான் சேஃப்டி ஸ்கூல். அதாவது, 'எங்க காலேஜ்ல சீட் கிடைக்காததாலதானே நீ அங்க சேர்ந்தே?'

2004 நவம்பரில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. யேல் பசங்க சிலர் ஹார்வர்டு சியர் டீம் மாதிரி வேஷம் கட்டி, ஹார்வர்டு கேலரிக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை அட்டைகளை வரிசை வரிசையாக விநியோகம் பண்ணினார்கள். 'எல்லாரும் ஒண்ணா தூக்கினா, நம்ம காலேஜுக்கு ஜே போடுற மாதிரி எழுத்து தெரியும்' என்று சொல்லி வைத்தார்கள். ஹார்வர்டு ரசிகர்களும் ஜோராகத் தூக்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் தெரிந்த எழுத்து என்ன தெரியுமா? 'நாங்க தண்டம்'! 

அன்றைக்கு மேட்ச்சில் ஜெயித்தது என்னவோ ஹார்வர்டுதான். 35-3. ஆனால் அந்த ஸ்கோர் இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அட்டை மேட்டர்தான் நிற்கிறது.

பாய்லர் அடிக்கிறவனே!

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகிற கதை. கொஞ்சம் உரசிப் பார்த்தால் உள்ளே வேற ஒன்று இருக்கு. 'நீ எங்க ஆளுங்க மாதிரி இல்லை' என்கிற மேட்டர்.

1862-ல், ஆபிரகாம் லிங்கன் காலத்தில், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்கிற காலேஜ்களுக்காக மாநிலங்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்ற காசில் எழும்பியவைதான் இன்றைய பல ஸ்டேட் யுனிவர்சிட்டிகள். குடியானவன் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் காலேஜ் வாசலை மிதித்தது அப்படித்தான். லத்தீனும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்த பழைய காலேஜ்களுக்கு இது பொறுக்குமா? 'கலப்பை பிடிக்கிறதும் சுத்தியல் அடிக்கிறதும் ஒரு படிப்பா?' என்று இளக்காரம்.

1891-ல் இண்டியானா மாநிலத்தில் பர்டியூ டீம், பக்கத்து ஊர் வாபாஷ் காலேஜை 44-0 என்று போட்டுத் தாக்கியது. வாபாஷ் இலக்கியம், தத்துவம் என்று கற்றுக்கொடுக்கிற பழைய காலேஜ். பர்டியூ பட்டறை வைத்து இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுக்கிற புதுக் காலேஜ். தோத்த ஊர் பத்திரிகைக்குக் கடுப்பு தாங்கவில்லை. ஜெயித்தவர்களை 'பாய்லர்மேக்கர்ஸ்' என்று எழுதியது. பாய்லர் அடிக்கிற கூலிக்காரப் பயலுக என்று திட்டுகிற கணக்கு.

பர்டியூ பசங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? 'ஆமாம்யா, நாங்க அப்படித்தான்' என்று அந்தத் திட்டையே டீம் பேராக வைத்துக்கொண்டார்கள். இன்று வரைக்கும் அந்தப் பேர்தான்! 1969-ல் நிலாவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், 1972-ல் கடைசியாக நிலாவில் நடந்துவிட்டு வந்த யூஜீன் செர்னன், ரெண்டு பேருமே இந்த 'பாய்லர் அடிக்கிற' காலேஜில் படித்தவர்கள்தான்.

ஸோ... ஒருத்தன் 'உங்க காலேஜ் மட்டம்' என்று சொல்லும்போது, அவன் படிப்பைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நம்பிவிடாதீர்கள். பாதி நேரம் அவன் பேசுவது உங்க அப்பாவின் தொழிலைப் பற்றி.

டீமே வேண்டாம் சாமி!

'விளையாட்டு, படிப்பு ரெண்டும் எதுக்கு ஒரே காம்பவுண்டுல?' என்று கேட்டு, கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டிய ஒரு காலேஜ் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம்.

சாதாரண டீம் இல்லை அது. காலேஜ் ஃபுட்பாலின் பெரிய விருதான ஹெய்ஸ்மன் டிராஃபியை 1935-ல் முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கர், சிகாகோ பையன். ஆனால் நாலே வருஷத்தில், 1939-ல், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பால் டீமையே கலைத்துவிட்டார். ஸ்டேடியம் காலி.

காலி ஸ்டேடியத்தில் என்ன நடந்தது? 1942 டிசம்பர் 2-ம் தேதி, அதே கேலரிக்கு அடியில் இருந்த ஒரு பழைய ஆட்டக் கூடத்தில், என்ரிக்கோ ஃபெர்மியின் டீம் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. கைத்தட்டல் அடங்கிப்போன கேலரிக்குக் கீழே அணு யுகம் பிறந்தது! 1969-ல் சிகாகோவுக்கு ஃபுட்பால் திரும்ப வந்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாத மூன்றாம் டிவிஷனில், அமைதியாக ஒரு ஓரத்தில்.

சிகாகோவின் பேர் குறைந்ததா? இல்லை. படிப்புப் பேருக்கும் ஆட்டப் பேருக்கும் தொடர்பே தேவையில்லை என்பதற்கு இதுக்கு மேல் சாட்சி வேண்டாம். அப்புறம் எதை வைத்து ரசிகர்கள் ரேங்க் சண்டை போடுகிறார்கள்?

அந்த ரேங்க் யாருடையது?

நெப்ராஸ்காவைக் கேளுங்கள். ஃபுட்பாலில் பெரிய கை. 2011-ல் 'பிக் டென்' என்கிற லீக்கில் சேர்ந்தது. (பேர்தான் பிக் டென். 2024-லிருந்து அதில் 18 காலேஜ். கணக்கு கேட்காதீங்க!) அந்த லீக்குக்கு அப்போது பெரிய பந்தா ஒன்று இருந்தது. 'எங்க காலேஜ் எல்லாமே ஏ.ஏ.யு. மெம்பர்.' ஆராய்ச்சியில் முன்னணியில் இருக்கிற பல்கலைக்கழகங்களின் சங்கம் அது. 1900-ல் ஆரம்பித்தது. நெப்ராஸ்காவும் 1909-லிருந்து மெம்பர்தான்.

லீக்கில் கால் வைத்த அதே 2011-ல், அந்தச் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தி நெப்ராஸ்காவை வெளியே அனுப்பிவிட்டது. எதிர் டீம் ரசிகர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி!

ஆனால் ஏன் அனுப்பினார்கள்? நெப்ராஸ்காவின் மருத்துவக் கல்லூரி நிர்வாகத்தில் தனி. அதன் ஆராய்ச்சிப் பணம் மெயின் காம்பஸ் கணக்கில் சேரவில்லை. விவசாய ஆராய்ச்சிக்கு வருகிற அரசுப் பணத்துக்கும் அந்தச் சங்கத்தின் அளவுகோலில் மதிப்பு கம்மி. வகுப்பறையில் வாத்தியார் திடீரென்று மோசமாகிவிடவில்லை. முதல் நாள் நடத்திய பாடத்தைத்தான் மறுநாளும் நடத்தினார்.

இதுதான் பாயின்ட். ரசிகன் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற ரேங்க், பெரும்பாலும் லேப்களுக்கு வருகிற பணம், எத்தனை பேரைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்கிற கணக்கு, மற்ற காலேஜ்காரர்கள் போட்ட மார்க். இதில் அவன் சம்பாதித்தது எது? மைதானத்தில் வியர்வை சிந்துகிற பையனுக்கு இதில் கிடைத்தது எது? இரவல் நகையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை அடித்த கதைதான்.

18 வருஷம்... 3,100 பேர்

'சரி பாஸ், சும்மா ஜாலிக்குத்தானே கலாய்க்கிறாங்க' என்கிறீர்களா? ஜாலி முடிகிற இடம் ஒன்று இருக்கு.

நார்த் கரோலினா மாநிலத்தில் டியூக், நார்த் கரோலினா என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். நடுவில் சில மைல்தான். பாஸ்கெட்பாலில் பரம வைரிகள். ரெண்டு பக்கமும் 'நாங்க ஜெயிக்கவும் செய்வோம், படிக்கவும் செய்வோம்' என்று காலரைத் தூக்குகிற ஆட்கள்.

2014-ல் நார்த் கரோலினாவின் காலர் கிழிந்தது. பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்த விசாரணையில், முன்னாள் அரசு வழக்கறிஞர் கென்னத் வெய்ன்ஸ்டீன் அறிக்கை கொடுத்தார். 1993-லிருந்து 2011 வரை 18 வருஷம், ஒரு டிபார்ட்மென்ட்டில் பேருக்கு மட்டும் சில வகுப்புகள் நடந்திருக்கின்றன. போக வேண்டாம். வாத்தியார் முகம் பார்க்க வேண்டாம். கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்குப் பெரும்பாலும் மார்க் போட்டது யார் தெரியுமா? ஆசிரியரே இல்லை, டிபார்ட்மென்ட் ஆபீஸில் வேலை பார்த்த அலுவலர்! அப்படிப் 'படித்தவர்கள்' 3,100 பேருக்கு மேல். அந்த வகுப்புகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதி ஸ்போர்ட்ஸ் பசங்க. மொத்த காலேஜில் அவர்கள் சில சதவீதம்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ன தண்டனை கொடுத்தது? 2017-ல் தீர்ப்பு வந்தது. தண்டனை இல்லை! காரணம்? அந்த வகுப்பில் சாதாரண ஸ்டூடண்ட்ஸும் சேர முடிந்ததால், அது விளையாட்டு வீரர்களுக்குக் கொடுத்த ஸ்பெஷல் சலுகை ஆகாதாம். 'எல்லாரையும்தானே ஏமாத்தினோம்' என்பதே தப்பிக்கிற வழியாகிவிட்டது.

டியூக் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஓட்டோ ஓட்டு என்று ஓட்டினார்கள். பதிலுக்கு இவர்கள் சொன்னது: 'உங்க ஸ்டார்கள் மட்டும் என்ன டிகிரி வாங்கிட்டா போனாங்க?' அதுவும் நியாயம்தான். 2015-ல் டியூக் சாம்பியன் ஆனபோது கலக்கிய ஓக்காஃபர், வின்ஸ்லோ, டயஸ் ஜோன்ஸ் மூன்று பேருமே முதல் வருஷம் முடிந்த கையோடு என்.பி.ஏ.வுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பார்த்தீங்களா? ரெண்டு பக்கமும் ஒருத்தனை ஒருத்தன் மட்டம் தட்டுகிறான். 'எங்க டீம் பையன் ஒழுங்கா படிச்சானா?' என்று தன் காலேஜைப் பார்த்துக் கேட்கிற ஆள்தான் கேலரியில் இல்லை.

நாலாம் கிளாஸ் மொழி

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? கெவின் ராஸ் கதையைச் சொல்கிறேன்.

1978-ல் ஒமாஹா நகரில் இருக்கிற க்ரெய்ட்டன் பல்கலைக்கழகத்துக்கு பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப்பில் வந்தவர். அங்கே சேர்கிற மற்ற பசங்களைவிட மார்க்கில் ரொம்பக் கீழே இருந்தவர். 'ட்யூஷன் வெச்சு மேலே கொண்டு வர்றோம்' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள் என்பது அவர் தரப்பு. நடந்தது என்ன? செராமிக்ஸ், துப்பாக்கி சுடுதல், பாஸ்கெட்பால் தியரி... இப்படி பாஸ் ஆகிற பாடமாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்கள். நாலு வருஷம் ஆடினார். 1982-ல் வெளியே வரும்போது டிகிரிக்குத் தேவையான 128 கிரெடிட்டில் கையில் இருந்தது 96. மொழித் திறன் நாலாம் கிளாஸ் அளவு, வாசிப்பு ஏழாம் கிளாஸ் அளவு என்று அவருடைய வழக்கில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் பெரிசு. சிகாகோவில் சின்னப் பசங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்து ஒரு வருஷம் படித்தார். அத்தனை உயரமான மனுஷன், அந்தச் சின்ன பெஞ்சில்! பிறகு காலேஜ் மேல் கேஸ் போட்டார். 1992-ல் அப்பீல் கோர்ட் சொன்னது, 'படிப்பின் தரம் சரியில்லைன்னு பொதுவா வழக்குப் போட முடியாது. ஆனா ட்யூஷன் தர்றோம்னு குறிப்பா வாக்குக் கொடுத்துட்டு தராம விட்டிருந்தா, அதை விசாரிக்கலாம்.'

அந்த நாலு வருஷமும் அவர் பந்து போட்டபோதெல்லாம் கேலரி எழுந்து நின்று கைதட்டியிருக்கும். கைதட்டினவர்களில் எத்தனை பேருக்கு அவர் புத்தகத்தைத் திறந்தால் திணறுவார் என்று தெரியும்?

ஒரே கேட், ரெண்டு ரூட்

'அப்போ ஸ்போர்ட்ஸ் பசங்கன்னாலே படிப்பு ஏறாதா?' என்று யாராவது ஆரம்பித்தால், மைரன் ரோல் பேரைச் சொல்லுங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் டீமில் ஆடியவர். 2008 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் இண்டர்வியூவும் மேட்ச்சும் ஒரே நாளில் வந்துவிட்டது. அலபாமாவில் இண்டர்வியூ. மேரிலாண்டில் மேட்ச். இண்டர்வியூவில் ஜெயித்துவிட்டு, விமானம் பிடித்து, நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் போய்ச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு போனார். திரும்பி வந்து என்.எஃப்.எல். டீமில் தேர்வானார். பிறகு மருத்துவம் படித்து மூளை அறுவை சிகிச்சை டாக்டர் ஆனார்.

இதே ஃப்ளோரிடா ஸ்டேட்டில், இதே காலகட்டத்தில், ஆன்லைன் மியூசிக் பரீட்சையில் விடை வாங்கி எழுதியதாக விளையாட்டு வீரர்கள் 61 பேர் மாட்டினார்கள். அந்த டீமின் வெற்றிகளைக்கூட ரெக்கார்டிலிருந்து அடித்தார்கள்.

ஒரே காலேஜ், ஒரே ரேங்க். உள்ளே ஒருத்தர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரூட் போட்டார். 61 பேருக்கு விடைத்தாள் வந்தது. இப்ப சொல்லுங்க, 'ஃப்ளோரிடா ஸ்டேட் நல்ல காலேஜா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கா?

ரேங்க் காப்பாத்துமா?

சரி, ரேங்க் உச்சத்தில் இருந்தால் டீமுக்காவது லாபம் உண்டா? ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் தலையில் அடித்துக்கொள்ளும். 2023-ல் பசிபிக் கரை லீக் உடைந்தபோது, டி.வி. பணம் இருக்கிற லீக்குகளுக்கு மற்ற டீம்கள் தாவின. நோபல் விஞ்ஞானிகள் நடமாடுகிற இந்த இரண்டு காம்பஸும் கடைசி வரை நடுத்தெருவில். கடைசியில் இடம் கொடுத்தது அட்லாண்டிக் கரை லீக். அதுவும் ஆரம்ப வருஷங்களுக்கு டி.வி. பணத்தில் 30 சதவீதப் பங்குதான் என்ற கண்டிஷனோடு!

2024-லிருந்து, இந்தக் கடற்கரைப் பசங்க அந்தக் கடற்கரைக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து ஆடுகிறார்கள். வார நடுவில் மேட்ச் என்றால் கிளாஸ் போச்சு, லேப் போச்சு. 'எங்க காலேஜ் படிப்புல டாப்' என்று கத்துகிற ரசிகன் உண்மையிலேயே கத்த வேண்டிய இடம் இதுதான். 2025-லிருந்து காலேஜ்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. நல்லதுதான், உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் ஆட்டம் எல்லாருக்கும் முப்பது வயதுக்கு மேல் நிற்காது. மிச்சம் இருக்கிற வாழ்க்கைக்குக் கையில் ஒரு படிப்பு வேண்டாமா?

எம்.எஸ். பார்ட்டிகளே, கடைசியா உங்களுக்கு ஒண்ணு. காலேஜ் பேரைச் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா புருவத்தைத் தூக்குவார், சந்தோஷம்தான். ஆனால் அப்ளிகேஷன் போடுகிறதுக்கு முன்னாடி, அங்கே இப்போது படிக்கிற ஒரு சீனியரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். உங்க டிபார்ட்மென்ட்ல பாடம் யார் எடுக்கிறாங்க? சந்தேகம்னு போய் நின்னா பதில் சொல்ல ஆள் இருக்கா? திணறுகிற பையனை அங்கே என்ன செய்வாங்க? மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். கெவின் ராஸுக்காக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மற்றபடி மேட்ச் தோத்தா தாராளமா கலாய்ங்க. சாவியை மட்டும் ஆட்டாதீங்க. எதிர்ப்பக்கம் நிற்கிறவன் நாளைக்கு நிலாவுக்கே போயிட்டு வந்துடுவான்!

அடுத்த வாரம் பார்ப்போம், டாட்டா!